வின்கா ரோஸியாவுக்குத் தமிழில் என்ன பேர்

ஊறிப் புளித்த கடலைப் புண்ணாக்கின் நாற்றத்தைத் தெரியாதவர்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. தெரிந்தவர்களுக்கு எழுத வேண்டியதும் இல்லை. எங்கள் வீட்டில் அது ஐப்பசியில் தொடங்கி மாசி வரைக்கும் ஓய்வில்லாமல் வீசியது. வாசல் மூலையில் வாயுடைந்த ஒரு பானை, அதற்குள் புண்ணாக்கும் தண்ணீரும், மேலே சாம்பல் நிறத்தில் நுரை, நுரையைச் சுற்றி ஈ. மூன்று நாளைக்கு ஒரு முறை அப்பா அதை வேப்பங்குச்சியால் கலக்கி, கரண்டி கரண்டியாகத் தொட்டிகளுக்கு ஊற்றுவார். அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு இறங்காது, ராகிக் களியில்கூட அந்த வாடை ஏறிவிட்டதாகத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒரு நாள் என் பாவாடையை மோந்து பார்த்துவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டாள். இவ்வளவு நாற்றமும் எதற்காக என்றால், மூக்கோடு ஒட்டவைத்து இழுத்தாலும் துளி மணம் வராத நான்கைந்து சீமைப் பூக்களுக்காக.

பூச்செடி வளர்க்கிறவர்கள் மென்மையான மனசுக்காரர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எனக்குத் தெரிந்த பூச்செடிக்காரர் என் அப்பா ஒருவர்தான். அவர் ஒரு டாலியா மொட்டு உதிர்ந்ததற்காக ஒரு வேளை சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். என் அக்கா பத்மாவின் உள்ளங்கையில் கிணற்றுக்கயிறு அறுத்துக் காய்ப்புக் காய்ப்பாக இருந்ததை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அப்பா காரிமங்கலத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ஊருக்குக் கிழக்கே எங்கள் குடும்பத்துக்கு மானாவாரிக் காடு இருந்தது. ராகியும் கடலையும் விதைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு பெரியப்பாக்கள் அதில் பாடுபட்டார்கள். அப்பா நான்கெழுத்துப் படித்ததனால் அந்த மண்ணிலிருந்து தப்பித்து நாற்காலிக்கு வந்தவர், மண்வெட்டியைத் தொட்டால் மானம் போய்விடும் என்று நம்பியவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கோப்பு எடுத்துக்கொண்டு தருமபுரியில் மேலதிகாரியின் பங்களாவுக்குப் போனார். அது தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். புதுப் புது அதிகாரிகள், புதுப் புது பங்களாக்கள், பங்களா தவறாமல் படிக்கட்டின் இரண்டு பக்கமும் காவி பூசிய தொட்டிகள். கோப்பில் கையெழுத்தாகும்வரை அவரை வெயிலில் நிற்கவைத்தார்களாம். நின்ற நேரத்தில் தொட்டிகளை எண்ணியிருக்கிறார். நிற்கவைத்தார்களே என்று கோபம் வந்திருக்க வேண்டிய மனுஷருக்கு, நம் வீட்டு வாசலிலும் இப்படித் தொட்டி வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

அடுத்த சந்தையில் தொட்டிகள் வந்து இறங்கின. வீட்டுக்கு முன்னால் இரண்டு பாத்திகள் எழுந்தன. செங்கல்லைச் சாய்வாகப் பல்வரிசை போல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, நடுவில் செம்மண் பரப்பிய "ஆபீஸ் பாத்தி". முருங்கை இருந்த இடம் அது. முருங்கையை வெட்டும்போது அம்மா கடைசியாகக் கீரையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கே மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் இடமில்லை, அதெல்லாம் "பட்டிக்காட்டுப் பூவு" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். முப்பது தொட்டிப் பூ இருந்த வீட்டில் அம்மா தலைக்கு வைக்கத் தெருவில் கூவி வருகிற பூக்காரியிடம் முழம் போட்டு வாங்கினாள். அம்மா இதற்கென்றே ஒரு வசனம் வைத்திருந்தாள்: "கண்ணுக்குப் பூவு, மூக்குக்குப் புண்ணாக்கு."

டாலியாக் கிழங்கு ஓசூர்ப் பக்கமிருந்து வந்தது. ஜீனியாவும் பெட்டூனியாவும் விதையாகப் பெங்களூரிலிருந்து, யார் யாரையோ கெஞ்சி வரவழைத்தவை. போதாததற்கு நம்மூர்ச் செடிகளுக்கும் அப்பா ஞானஸ்நானம் செய்துவைத்தார். காசித்தும்பை "பால்சம்" ஆனது. கோழிக்கொண்டைக்கு அவர் சொன்ன ஆங்கிலப் பேரை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொன்னார். சாமந்தியின் ஆங்கிலப் பேர் பாதியிலேயே அவர் வாயில் சிக்கிக்கொள்ளும், அதனால் அந்தச் செடியையே பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டார். பேர்களை எழுதித் தொட்டியில் குத்திவைக்கத் தகடு வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற கபூர் பாய்தான் எண்ணெய் டின்னை வெட்டித் தகடு செய்து கொடுத்தார். அவருக்கு எங்கள் அப்பாமேல் மரியாதை உண்டு, ஆனால் வாயை அடக்கத் தெரியாது.

"சார், கோழிக்கொண்டைக்குப் பேர் எழுதி வெக்கறீங்களே, கோழி வந்து படிக்குமுங்களா?" என்று கேட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. அவருக்குப் பூ விஷயத்தில் சிரிப்பு கிடையாது. பெரியப்பா ஒரு தடவை காட்டிலிருந்து கடலைக்கொடி சுமந்துகொண்டு வந்தவர் பாத்தியைப் பார்த்து, "களை பறிக்கறவனப் பாத்துருக்கறேன், களைக்கு எரு வெக்கறவன இப்பத்தாண்டா பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அப்பா அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக்கூட ஒரு வருஷம் போகவில்லை.

இதெல்லாம் வெறும் கோமாளித்தனமாக இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் தானாக வராது. எங்கள் தெருவுக்கு இரண்டு கிணறு இருந்தது. பக்கத்துக் கிணறு உப்பு, தூரத்துக் கிணறு நல்ல தண்ணீர். உப்புத்தண்ணீர் ஊற்றினால் சீமைச்செடியின் இலை ஓரம் கருகும் என்று அப்பா கண்டுபிடித்துவிட்டதால், உப்புத்தண்ணீரில் நாங்கள் குளித்தோம், நல்ல தண்ணீரில் பெட்டூனியா குளித்தது. காலையில் பதினைந்து குடம், சாயங்காலம் பதினைந்து குடம். சேந்தி எடுத்து இடுப்பில் வைத்து நடந்து வந்து ஊற்றியது அக்கா. அவளுக்கு அப்போது பதினாறு வயது, பதினோராம் வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுத வேண்டிய வருஷம். நான் ஆறாம் வகுப்பு. என் இடுப்பில் குடம் நிற்காது என்ற ஒரே காரணத்தால் நான் தப்பித்திருந்தேன், அந்தத் தப்பித்தலை ஒரு நாளும் மறைக்காமல் அனுபவித்தேன்.

அக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது. பாஸ் பண்ணிவிட்டு டீச்சர் ட்ரெயினிங் போக வேண்டும். அவளுக்கு அறிவியல் எடுத்த டீச்சர் சைக்கிளில் வருவார், கைக்கடிகாரம் கட்டியிருப்பார், யாரையும் கேட்காமல் தன் குடையைத் தானே வாங்கியிருப்பார் என்று அக்கா என்னிடம் அதிசயமாகச் சொல்வாள். அந்தக் குடைதான் அவள் மனசில் நின்றது என்று நினைக்கிறேன். அந்த ஆசைக்கு முதலில் பாஸ் ஆக வேண்டும், பாஸ் ஆகப் படிக்க வேண்டும், படிக்க நேரம் வேண்டும். நேரத்தையோ டாலியா குடித்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மழையும் கைவிட்டது. தை முடிவதற்குள் நல்ல தண்ணீர்க் கிணறு அடி தட்டிவிட்டது. ஒரு குடம் ஊறி நிறைய அக்கா கிணற்றடியில் காத்திருக்க வேண்டும், மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் குடிக்கிற தண்ணீருக்கு முறை போட்டுச் சேந்திக்கொண்டிருந்தபோது நாங்கள் பூவுக்குச் சேந்தியதைச் சனங்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் ஒரு அம்மாள் அக்காவின் குடத்தைக் கையால் மறித்து, "ஏண்டி புள்ள, எங்க வூட்ல கொழந்தைக்குத் தண்ணியில்ல, உங்கொப்பன் செடிக்குக் கால் கழுவறானா?" என்று கேட்டாள். அக்கா அந்தக் குடத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். அன்று இரண்டு பெட்டூனியா தலை தொங்கியது, அப்பா வீட்டில் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. தருமபுரி மேலதிகாரியின் மனைவியிடம் எப்போதோ தன் தோட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் மரியாதைக்கு, "ஒரு நாள் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவைத்திருக்கிறார். அவ்வளவுதான். பெரிய மனுஷர்கள் போகிற போக்கில் சொல்கிற ஒரு வார்த்தை சின்ன மனுஷன் வீட்டில் எத்தனை பேரை முதுகு ஒடிய வைக்கிறது என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அந்த அம்மாள் என்றைக்கு வருவார் என்று தெரியாது, அதனால் எல்லா நாளும் எல்லாத் தொட்டியும் பூத்திருக்க வேண்டும். "அந்தம்மா வர்ற அன்னிக்கு ஒரு தொட்டி வாடியிருந்தாலும் என் மானமே போச்சு" என்பார். மானம் அவருக்குத் தொட்டியில்தான் இருந்தது.

மாசியில் டாலியா போனது. அப்புறம் பெட்டூனியா, அப்புறம் ஜீனியா. செடி ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தது, பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அப்போதுதான் அக்கா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வழியில் ஏரிக்கரைக்குக் கீழே சுடுகாடு. அங்கே புதர் புதராக ஒரு செடி, யாரும் நட்டதில்லை, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. பங்குனி வெயிலில் எருக்கே சுருண்டு கிடக்கும்போது அது மட்டும் பளபளவென்று இலை விட்டு, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக ஐந்து இதழில் பூத்துக்கொண்டிருக்கும். ஆடுகூட அதைக் கடிக்காது. ஊரில் அதற்குப் பேர் "சுடுகாட்டு மல்லி". எந்தப் பெண்ணும் அதைத் தொடமாட்டாள், வீட்டில் வைப்பதை நினைத்தும் பார்க்கமாட்டாள். அக்கா புத்தகப் பையில் ஒரு கோணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு போய், வேரோடும் மண்ணோடும் நான்கு செடியைத் தோண்டிக்கொண்டு வந்து, செத்த டாலியாத் தொட்டிகளில் நட்டுவிட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"அப்பாகிட்டச் சொன்னே, மொதல்ல உன் இடுப்புலதான் கொடம் ஏறும்" என்றாள் அக்கா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து அந்தத் தொட்டிகளுக்கு முன்னால் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன செடி இது?"

"வின்கா ரோஸியாங்கப்பா. எங்க சயின்ஸ் டீச்சர் குடுத்தாங்க. பாட்டனி புஸ்தகத்துல படமே இருக்குங்க" என்றாள் அக்கா, சிரிக்காமல், கண் சிமிட்டாமல். பேர் உண்மைதான், பாட்டனி புத்தகமும் உண்மைதான், டீச்சர் கொடுத்தது மட்டும்தான் பொய்.

அப்பா அந்தப் பேரை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். சிக்கவில்லை. மறுநாளே கபூர் பாயிடம் புதுத் தகடு வெட்டச் சொல்லி, அதில் தன் முத்தான கையெழுத்தில் எழுதிக் குத்தினார். தகடு கொண்டுவந்த பாய் செடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "அல்லா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வாயை அடக்கத் தெரியாதவர் அந்த ஒரு விஷயத்தில் அடக்கிக்கொண்டார். பங்குனி பாதியில் முப்பது தொட்டியும் இரண்டு பாத்தியும் சுடுகாட்டு மல்லியால் நிறைந்துவிட்டன. அம்மாவுக்கும் தெரியும். அம்மா அந்தப் பக்கம் கோலம் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அதற்குத் தண்ணீர் வேண்டியதில்லை. ஆனால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அக்கா ஒரே குடம் கொண்டுவந்து, கையால் அள்ளித் தொட்டியின் வெளிப்புறத்தில் தெளித்துவிடுவாள். காவி நனைந்து கருஞ்சிவப்பாகிவிடும், பார்க்கிறவருக்கு வயிறு நிறையக் குடித்த தொட்டி மாதிரி இருக்கும். வேளைக்குப் பதினான்கு குட நேரம் மிச்சம். அந்த நேரத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் கணக்குப் போட்டாள், பூகோளம் படித்தாள். நான் தெருமுனையில் காவல். அப்பாவின் சைக்கிள் தெரிந்தால் இருமுவேன். அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் உருப்படியாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

அக்கா பாஸ் பண்ணினாள், நல்ல மார்க்கு. ட்ரெயினிங் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் வாங்கி வந்து நிரப்பிவிட்டாள். தகப்பனார் கையெழுத்து போட வேண்டிய இடம் மட்டும் காலி. அப்பா அதைக் கையில் வாங்கி முழுசாகப் படித்தார், படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

"ஏங்கப்பா?"

"நீ போயிட்டா செடிய யாரு பாக்கறது? அந்தம்மா வேற இந்த மாசம் வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

இதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை, குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. பெண்ணை அனுப்ப மனசில்லாத அப்பாக்கள் காலம் கெட்டுக் கிடக்கிறது என்பார்கள், ஊர் என்ன சொல்லும் என்பார்கள். அந்தப் பொய் சொல்லும் மரியாதைகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அக்கா அழவில்லை. விண்ணப்பத்தைத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டுக் கடைசித் தேதியை எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா மட்டும் அடுப்படியில் இருந்துகொண்டு, அப்பாவின் காதில் விழும்படியாக, "ஆட்டக் கடிச்சு மாட்டக் கடிச்சு, கடைசியில பெத்த புள்ளையவே கடிக்குது" என்றாள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஜீப் வந்தது.

அந்த அம்மாள் நல்லவர், அதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைப் புடவை, கறுப்புக் கண்ணாடி, வெயிலைப் பற்றி ஒரு குறை சொல்லாமல் இறங்கி வந்தார். மாவட்டமே காய்ந்து கிடந்த அந்த ஆனி மாதத்தில் எங்கள் வாசல் மட்டும் பூத்துக் குலுங்கியதைப் பார்த்து உண்மையாகவே அசந்துபோனார். அப்பா அவருக்கு ஒரு முழம் பின்னால், இடுப்பு பாதி வளைந்து, தகடு தகடாகக் காட்டிக்கொண்டு வந்தார். எல்லாத் தகட்டிலும் ஒரே பேர்தான் இருந்தது, இருந்தாலும் விடாமல் காட்டினார்.

"இந்த வெயில்ல இப்படிப் பூத்திருக்கே! என்ன செடி இது?"

"வின்கா ரோஸியா, மேடம். ரொம்ப டெலிகேட்டான செடி. காலையில, சாயங்காலம் நல்ல தண்ணி விடணும்."

"நீங்களேவா பார்த்துக்கறீங்க?"

"நான்தாங்க, மேடம். ஆபீஸ் போக மீதி நேரமெல்லாம் இதுங்களோடதான்."

நான் அக்காவின் கையைப் பார்த்தேன். அந்தக் கையில் விண்ணப்பமும் அப்பாவின் பேனாவும் இருந்தன. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

அந்த அம்மாள் குனிந்து ஒரு பூவைத் தொட்டு, "இதைப் பறிச்சு சாமிக்கு வைக்கலாமா?" என்று கேட்டார்.

அக்கா முன்னால் வந்தாள். "மேடம், இதுக்குத் தமிழ்லயும் ஒரு பேர் இருக்குங்க" என்றாள். சொல்லிக்கொண்டே அவள் பார்த்தது அந்த அம்மாளை அல்ல, அப்பாவை.

"அப்படியா? என்ன பேர்?"

"சொல்றேங்க. அப்பா இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டாருன்னா சொல்றேங்க. நாளைக்குக் கடைசி நாளுங்க."

அந்த அம்மாள் இதை ஏதோ பிள்ளை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்து, "டீச்சர் ட்ரெயினிங்கா? நல்ல விஷயமாச்சே, போடுங்க சார்" என்றார். அப்பா பேனாவை வாங்கினார். வாசல் தூணில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தகட்டில் முத்து முத்தாக எழுதுகிற மனுஷருக்கு அன்று கடைசி எழுத்து கோணிக்கொண்டு போனது. அக்கா அதை வாங்கி, மை காய வாயால் ஊதி, நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்த பிறகுதான் அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நித்தியகல்யாணிங்க, மேடம்."

"எவ்வளவு அழகான பேர்!" என்று அந்த அம்மாள் கை நிறையப் பறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். சாமிக்கு வைத்திருப்பார். அந்தப் பேரும் பொய்யில்லை, அதே பூவுக்குக் கோயில் பக்கம் அப்படியும் சொல்வார்கள். எங்கள் தெருவில் சுடுகாட்டைத் தாண்டாத பூ, தருமபுரி பங்களாவில் சாமிப் படத்துக்கு ஏறியது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்தது இவ்வளவுதான்: அப்பாவுக்கு அந்தச் சுடுகாட்டுப் பேர் தெரியாது, பெரிய இடத்து அம்மா சொன்னதால் மறுக்க முடியாமல் போட்டுவிட்டார். அப்பாவை அடிமுட்டாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அக்கா ட்ரெயினிங் போனாள். குடம் என் இடுப்புக்கு வந்தது.

தொட்டியின் வெளிப்புறத்தை நனைக்கிற வித்தை எனக்கும் தெரியும். முதல் வாரமே செய்தேன். அப்பா வந்தார், ஆள்காட்டி விரலைத் தொட்டி மண்ணுக்குள் குத்தினார், விரலை எடுத்து என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். விரலில் ஈரமில்லை. அக்கா இருந்தவரை ஒரு நாளும் அவர் விரலைக் குத்திப் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக்குள் யாருமில்லாத அந்த நேரத்தில், அவருக்கு மட்டும் கேட்கும்படி, உலகத்தையே கவிழ்க்கப்போகிற ரகசியத்தை உடைத்தேன்.

"அது வின்காவும் இல்ல கின்காவும் இல்லீங்கப்பா. சுடுகாட்டு மல்லி. அக்கா சுடுகாட்டுலேர்ந்து புடுங்கியாந்து நட்டுது. அதுக்குத் தண்ணியே வேணாம்."

அப்பாவுக்கு முகம் மாறவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதா? காட்டுல பொறந்தவன்டி நான். நட்ட அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்குத் தண்ணி?" என்றேன்.

"தண்ணி ஊத்தாம வளந்தா அது களை. ஊத்துனாத்தான் பூச்செடி. போ, கொடத்த எடு."

எத்தனையோ பேர் தோட்டக்கலையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள். அதன் சாரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் என் அப்பா ஒருவர்தான். செடிக்கு எது தேவை என்பது பேச்சே இல்லை. யாரோ ஒருத்தி குனிந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும், அதைத் தெரு பார்க்க வேண்டும், அப்போதுதான் அது அதிகாரி வீட்டு வாசல். எனக்கு அவர் மேலிருந்த பயம் அன்றோடு போய்விட்டது. ஆனால் பயம் போன இடத்தில் தைரியம் வரவில்லை, வெறும் இளக்காரம்தான் வந்தது. இளக்காரத்தை வைத்துக்கொண்டு ஒரு குடத்தைக்கூட இறக்கிவைக்க முடியாது. மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே ஐந்து வருஷம் ஊற்றினேன், தண்ணீரே கேட்காத சுடுகாட்டு மல்லிக்கு, நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து.

நானும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினேன், அக்காவைவிட நான்கு மார்க்கு கூட. விண்ணப்பம் வாங்கி வந்து நீட்டினேன். "ஒரு வூட்டுக்கு ஒரு டீச்சர் போதும்" என்றார் அப்பா. நான் அதை மடித்து வைத்துவிட்டேன், இரண்டாவது தடவை கேட்கவில்லை. அப்போதும் வாசலில் தொட்டிகள் இருந்தன, அப்போதும் ஜீப்புகள் வந்துகொண்டிருந்தன. அடுத்த வருஷம் என்னைப் பாப்பிரெட்டிப்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். அக்கா மாரண்டஹள்ளிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள்.

இன்று காரிமங்கலத்தில் அந்த வீடு இருந்த இடத்தில் மூன்று கடை, ஒன்றில் செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். நல்ல தண்ணீர்க் கிணற்றைக் குப்பை போட்டு நிரப்பி மேலே கான்கிரீட் போட்டுவிட்டார்கள், உப்புக்கிணறு எங்கே இருந்தது என்று காட்ட ஆளில்லை. சுடுகாட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பி, உள்ளே சிமெண்டுக் கல் பாவி, ஒரு புல்லும் முளைக்காமல் செய்துவிட்டார்கள். அங்கே முளைக்காத அந்தச் செடியை ஓசூர் ரோட்டு நர்சரியில் பிளாஸ்டிக் பையில் வைத்து, "வின்கா" என்று சீட்டு எழுதி வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது ஒரு பெண்தான். அப்பா இருந்திருந்தால் மனசு குளிர்ந்திருப்பார்.

அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் அக்காவுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷம் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்: அப்பாவுக்கு முதல் நாளே தெரியும், நீ என்னமோ ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், ஏமாந்தது நாம்தான். அவள் அதிர்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றும் சொல்ல வேண்டும்.

"தெரியும்னு எனக்குத் தெரியாதா? அதனாலதாண்டி அந்தம்மா முன்னாடி நின்னு கேட்டேன். ஒண்ணுந்தெரியாத ஆள எப்படி மெரட்டறது?" என்றாள் அக்கா.

அவளே கேட்டாள்.

"ஆமா, உனக்குந்தான் தெரிஞ்சிருந்துதே. நீ அத வெச்சு என்ன பண்ணுன?"

சொன்னேன். அப்பா தனியாக இருந்த நேரத்தில் அவரிடமே போய்ச் சொன்னதையும், குடத்தை எடு என்று அவர் சொன்னதையும், எடுத்ததையும் சொன்னேன்.

"அடிப் பைத்தியமே," என்றாள் அக்கா. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த குரல் அது, அதில் கோபமே இல்லை. "நான் அந்த ஒத்தப் பேர வெச்சு ஒரு கையெழுத்து வாங்குனேன். நீ அதையே வெச்சு நாலு கொடம் தண்ணிய மிச்சம் புடிக்கப் பாத்துருக்கறே."

அந்த நாலு குடமும் மிச்சமாகவில்லை.